சொல்லிழுக்கும் தேர்தல் வெற்றியும்



தேர்தலுக்கு நிற்கும் ஒருவர் ஓராண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று பேசுகிறார். நாளொன்றுக்கு நான்கு கூட்டம், ஐந்து கூட்டம். இடையிடையே செய்தியாளரின் கேள்விகள். இரவில் நண்பர்களோடு உரையாடல். அவர் வாயினின்று வெளிப்படும் வாக்கியங்களை எண்ண முற்பட்டால் நமக்கு எண்ணிக்கை தவறிவிடும். ஆயினும் பத்தாண்டு கழித்துக் கேட்டுப் பாருங்கள்; அத்தனை வாக்கியங்களுள் ஒன்றே ஒன்றுதான் மக்கள் நினைவில் நிற்கிறது. பெரும்பாலும், அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவரே வருந்திய வாக்கியமாக அஃது இருக்கிறது.

வாய்தவறி வரும் இத்தகைய சொல்லுக்குச் ‘சொல்லிழுக்கு’ என்று அருமையானதொரு பெயர் நம் மொழியில் உண்டு. வள்ளுவப் பெருந்தகையின் அடக்கமுடைமை அதிகாரத்திலிருந்து நாம் பெற்ற சொல் அது. அங்கே அறிவுரை பேசுகின்றவனுக்குக் கூறப்பட்டது. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு பக்கம். ஒருவர் நாத்தவறிச் சொன்ன சொல்லைப் பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும்போது, கேட்கின்ற வாக்காளர் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது? ‘இவர் வெல்லக்கூடியவர்’ என்ற எண்ணம் எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு தேய்கிறது? இதுவே என் கேள்வி.

நம் நாட்டுத் தேர்தல்களிலிருந்து சான்று காட்டினால், இவர் எந்தக் கட்சி என்று என்னைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிவிடும். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். வீட்டில் அமைதியாக இருக்க விரும்புகிறவன். ஆகவே கடல் கடந்து அமெரிக்க நாட்டுக்குச் செல்வோம். அங்கே இத்துறையில் சான்றுகள் மிகுதி. அவற்றை ஆராய்ந்து எழுதி வைத்தவர்களும் பலர்.

முதற்சான்று வானொலி பிறப்பதற்கு முற்பட்டது. 1884ஆம் ஆண்டு. குடியரசுத் தலைவர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் சார்பில் ஜேம்ஸ் பிளெய்ன் என்பவரும், ஜனநாயகக் கட்சியின் சார்பில் குரோவர் கிளீவ்லாந்து என்பவரும் போட்டியிட்டனர். நியூயார்க் மாநிலம் எவர் பக்கம் சாய்கிறதோ அவருக்கே வெற்றி என்ற நிலை. அம்மாநிலத்தில் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்க மக்கள் பல்லாயிரவர். பிளெய்னின் அன்னையார் கத்தோலிக்கர். ஆகவே அம்மக்களின் வாக்கில் ஒரு பகுதி தமக்குக் கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அக்டோபர் 29ஆம் நாள் காலை, நியூயார்க்கு நகரத்து உணவு விடுதி ஒன்றில் புராட்டஸ்டன்டு போதகர்கள் பலர் கூடி அவரை வாழ்த்தினார்கள். சாமுவேல் பர்ச்சர்டு என்ற முதிய போதகர் பேசும்போது, எதிர்க்கட்சியாரை ‘மதுவும் ரோமச் சமயமும் கலகமும்’ சேர்ந்த கூட்டம் என்று வருணித்தார். ஆங்கிலத்தில் இம்மூன்று சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவன. நம் புலவர் வழக்கில் சொன்னால் மோனை அழகாக அமைந்துவிட்டது. மோனை அமைந்த சொற்றொடர் நாவில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மாணவர்க்குச் செய்யுள் கற்பித்த எவரும் அறிவர். பாவம், அந்த முதியவரும் அந்த மோனையின் சுவையிலே மயங்கியிருக்கக் கூடும்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சொல்லைச் சொன்னவர் பிளெய்ன் அல்லர். அவர் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர். அல்லது கேளாமலே நின்றிருந்தார். பயணக் களைப்பில் அவர் செவியில் அது விழவில்லை என்று கூறுவாரும் உளர். கூட்டத்தில் இருந்தோர் பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் எதிர்க்கட்சியார் அனுப்பிய சுருக்கெழுத்தாளர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் பென்சில் அதைப் பிடித்துக்கொண்டது. சில நாட்களுக்குள் துண்டறிக்கைகள் அச்சாகிக் கத்தோலிக்கக் கோயில் வாயில்களில் வழங்கப்பட்டன. பிளெய்ன் மறுப்புச் சொன்னபோது நாட்கள் கடந்துவிட்டிருந்தன. நவம்பர் 4ஆம் நாள் தேர்தல். பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பதிவான நியூயார்க்கில் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் பிளெய்ன் தோற்றார். அதனால் நாட்டையும் இழந்தார்.

மூன்று சொற்கள் ஒரு தலைவரை வீழ்த்தின என்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலகாலம் படித்து வந்தனர். நான் அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே நாள் இரவு பிளெய்ன் பெருஞ்செல்வர்களோடு விருந்துண்டார். நாட்டில் தொழில் நலிந்திருந்த காலத்தில் அந்த விருந்தைப் ‘பெல்ஷாத்சார் அரசனின் விருந்து’ என்று கேலிச்சித்திரமாக ஒரு பத்திரிகை முதற்பக்கத்தில் வெளியிட்டது. மதுவிலக்குக் கட்சியின் வேட்பாளர் பல ஆயிரம் வாக்குகளைப் பிரித்துக்கொண்டார். சொந்தக் கட்சியிலேயே பிளெய்னுக்குப் பழைய பகைவர் இருந்தனர். ஆயிரம் வாக்கில் தோற்றவனுக்கு எந்தக் காரணத்தைக் காட்டினாலும் பொருந்தும். ஆயினும் மற்றக் காரணங்களெல்லாம் ஏட்டில் உறங்குகின்றன. மோனையமைந்த அந்தச் சொற்றொடர் மட்டும் இன்றும் விழித்திருக்கிறது.

இனி 1976ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதைப் படித்தபோதுதான், என் சொந்த வாழ்க்கையில் நான் செய்த ஒரு தவறும் எனக்கு விளங்கிற்று.

அக்டோபர் 6ஆம் நாள் இரவு, சான் பிரான்சிஸ்கோ நகரில், அப்போது குடியரசுத் தலைவராயிருந்த ஜெரால்டு ஃபோர்டும் அவரை எதிர்த்து நின்ற ஜிம்மி கார்ட்டரும் தொலைக்காட்சி முன்னிலையில் வாதிட்டனர். ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டுக் கொள்கையும் நாட்டின் பாதுகாப்புமே பொருள். நியூயார்க் டைம்ஸ் இதழைச் சேர்ந்த மாக்ஸ் ஃபிராங்கல் சோவியத் ஒன்றியத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். அதற்கு விடையிறுக்கும்போது ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத்தின் ஆதிக்கம் இல்லை. தம் ஆட்சியில் ஒருபோதும் இராது என்று கூறிவிட்டார். கேட்டவர் திகைத்துப் போய், தாம் சரியாகத்தான் கேட்டோமா என்று மறுபடி வினவினார். பிழையைத் திருத்திக்கொள்ள அவர் வாயில் திறந்து வைத்தார் என்றே சொல்லலாம். ஃபோர்டோ அவ்வாயிலில் நுழையவில்லை. யூகோஸ்லாவியர் அப்படி எண்ணவில்லை, ருமேனியர் அப்படி எண்ணவில்லை, போலந்து மக்களும் அப்படி எண்ணவில்லை என்று நாடு நாடாக அடுக்கினார்.

அக்காலத்தில் போலந்திலும் ஹங்கேரியிலும் செக்கோஸ்லோவாகியாவிலும் சோவியத்தின் பிடி எத்தகையது என்பதை உலகம் அறிந்திருந்தது. 1956இல் புடாபெஸ்ட் நகரிலும் 1968இல் பிராகு நகரிலும் சோவியத்தின் டாங்கிகள் உருண்டதை எவரும் மறந்துவிடவில்லை. ஃபோர்டும் அறியாதவர் அல்லர். அந்த ஆதிக்கத்தை அமெரிக்கா ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாது. அம்மக்களின் உள்ளமும் பணியவில்லை என்பதே அவர் சொல்ல எண்ணியது. ‘இருக்கலாகாது’ என்று சொல்ல வேண்டியவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார். இலக்கண ஆசிரியனுக்கு இது ஒரு வினைமுற்றின் பிழை. அரசியலில் அதன் விலை வேறு.

இனிமேல்தான் வியப்பு. ஃபோர்டின் தேர்தல் பணியைச் சேர்ந்த கருத்துக்கணிப்பாளர்கள் அன்றிரவு வாதம் முடிந்த உடனே தொலைபேசி வாயிலாக மக்களைக் கேட்கத் தொடங்கினார்கள். யார் நன்றாக வாதிட்டார் என்பது கேள்வி. அன்றிரவு கேட்கப்பட்டவர்களின் தீர்ப்பு ஃபோர்டுக்குப் பாதகமாயில்லை. சற்று ஏற்றமாகவே இருந்தது. கிழக்கு ஐரோப்பா பற்றிய வாக்கியத்தை ஒரு பிழையென்று தாமாக எடுத்துச் சொன்னவர் ஏறத்தாழ எவருமில்லை. பொழுது விடிந்தது. காலைப் பத்திரிகை வந்தது. மாலைத் தொலைக்காட்சிச் செய்தியும் வந்தது. எல்லாவற்றிலும் அந்த ஒரு வாக்கியமே. மறுநாள் மாலை கேட்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் கார்ட்டரே வென்றார் என்றனர். ஒரே வாதம், ஒரே நாட்டு மக்கள், இடையில் கழிந்தது ஒரு பகற்பொழுது.

பார்த்தவர் கண் பொய்யா, மறுநாள் படித்த ஏடு பொய்யா? இரண்டும் இல்லை. வீட்டில் அமர்ந்து பார்த்தவர் ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்து எடைபோட்டார். பத்திரிகையாளர் ஒரு நிமிடத்தை மட்டும் எடைபோட்டார். நான் பத்திரிகையாளரை முழுதும் குறை கூற மாட்டேன். நாட்டின் தலைவர் ஐரோப்பாவைப் பற்றித் தவறான செய்தியைச் சொல்லும்போது, ‘இது தவறு’ என்று அறிந்தவர் எடுத்துரைப்பது கடமை. சாதாரண மனிதர் கவனியாது விட்டதைக் கவனித்துச் சொல்லத்தானே செய்தித்தாள்? ஃபோர்டின் பேரிலும் குற்றமுண்டு. தவறிவிட்டேன் என்று மறுநாள் காலையிலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவர் முரண்டு பிடித்தார். ஏறத்தாழ ஒரு வாரம் அச்செய்தி உயிரோடிருக்க அவரே இடம் கொடுத்தார். கார்ட்டரை நெருங்கி வந்துகொண்டிருந்தவரின் ஏற்றம் அந்த வாரம் நின்றது. முடிவில் நூற்றுக்கு இரண்டு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அந்த வாக்கியமே தோற்கடித்தது என்று உறுதி கூற இயலாது. முந்திய தலைவர் நிக்சனுக்கு அவர் அளித்த மன்னிப்பு மக்கள் நெஞ்சில் பெருஞ்சுமையாக இருந்தது.

என் தவறு என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். 1990களில் நான் தலைமையாசிரியனாயிருந்த ஒரு பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் நடத்தினோம். பிள்ளைகள் வாக்குச்சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவார்கள். ஒரு மாணவன் மேடையேறிப் பேசினான். படிப்பில் ஆர்வமுள்ளவன், கூச்சம் உடையவன். ‘நான் வெற்றி பெற்றால் நம் நூலகத்தை நாள்தோறும் மாலையில் திறந்து வைக்க முயல்வேன்’ என்று சொல்ல வந்தவன் ‘மூடி வைக்க முயல்வேன்’ என்று சொல்லிவிட்டான். சிரிப்பொலி எழுந்தது, அடங்கிற்று. அவன் தொடர்ந்து பேசி முடித்தான். மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் நான் பேசும்போது, நகைச்சுவையாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, ‘நூலகத்தை மூடுவதற்குத் தனியாக ஒரு தலைவர் வேண்டியதில்லை, அந்த வேலையை நாமே நன்றாகச் செய்து வருகிறோம்’ என்றேன். உண்மையில் அப்பள்ளி நூலகம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது; அந்த வெட்கத்தை மறைக்கவும் அந்தச் சிரிப்பு எனக்கு உதவிற்று. அன்று பிற்பகலுக்குள் அந்தப் பிள்ளைக்கு ‘மூடுவிழா’ என்று பெயர் வந்துவிட்டது. தேர்தலில் அவன் தோற்றான். நூலகத்தைப் பற்றியே பேசாத வேறொருவன் வென்றான்.

சில நாள் சென்றபின் அவன் வகுப்பைச் சேர்ந்த ஒரு பையனைக் கேட்டேன். அவன் சொன்ன விடை இன்றும் என் செவியில் இருக்கிறது: ‘எனக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை ஐயா. ஆனால் எல்லாரும் சிரிக்கிறார்களே, மற்றவர்கள் போடமாட்டார்கள் என்று நினைத்தேன். வீணாக ஏன் என்று வேறு ஒருவனுக்குப் போட்டேன்.’

அன்பர்களே, அந்தப் பையன் சொன்னதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சொல்லிழுக்கைக் கேட்டு அவன் தன் மதிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று கருதினான். அந்த மற்றவரும் இவ்வாறே மற்றவரைக் கருதியிருக்கலாம். ‘தகுதியானவர்’ என்பது வேறு, ‘வெல்லக்கூடியவர்’ என்பது வேறு. முன்னது வேட்பாளரைப் பற்றிய தீர்ப்பு. பின்னது ஏனைய வாக்காளரைப் பற்றி நாம் செய்யும் ஊகம். செய்தித்தாள் ‘இவர் சொன்னது தவறு’ என்று எழுதினால் நாம் ஆராய்ந்து பார்க்கலாம்; உடன்படலாம், மறுக்கலாம். ‘இஃது இவருடைய வெற்றி வாய்ப்பைக் குலைக்கும்’ என்று எழுதும்போதோ நாம் மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அது வானிலை அறிவிப்பைப் போன்றதாகத் தோன்றுகிறது. ஒரே ஒரு வேற்றுமை: மழை வரும் என்று அறிவிப்பதால் மழை வருவதில்லை. இங்கே அறிவிப்பே மழையைக் கொண்டுவருகிறது.

இதற்குப் பொருத்தமான சான்று எட்மண்ட் மஸ்கி என்பவரின் கதை. 1972ஆம் ஆண்டு, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக வரக்கூடியவர்களுள் முதலிடத்தில் இருந்தவர். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மாநிலந்தோறும் முன்தேர்தல் நடத்தி மக்கள் முடிவு செய்வர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் முன்தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, பிப்ரவரி 26ஆம் நாள், தம்மையும் தம் மனைவியாரையும் இழிவாக எழுதிய ஒரு நாளிதழின் அலுவலகத்துக்கு எதிரே நின்று மஸ்கி கொதித்துப் பேசினார். பனி பெய்துகொண்டிருந்தது. குரல் தழுதழுத்தது, முகம் நனைந்திருந்தது. அழுதார் என்று செய்தியாளர் எழுதினர். முகத்தில் உருகியது பனி என்று அவரைச் சார்ந்தோர் கூறினர். இன்றுவரை அது பனியா கண்ணீரா என்பது தீராத வழக்கு. மனைவியை இகழ்ந்தவனை எதிர்த்து ஒருவன் கண்ணீர் விட்டான் என்றால் நம் ஊரில் அதைக் குற்றமென்று சொல்வார்களா என்பது எனக்கு ஐயம். அது கிடக்க. அந்த முன்தேர்தலில் மஸ்கி வென்றார்! நூற்றுக்கு 46 பெற்றார். அவரை அடுத்து வந்த மெக்கவர்ன் பெற்றது 37. ஆயினும் ஐம்பதைத் தொடவில்லையே, எதிர்பார்த்த அளவு இல்லையே என்று எழுதினார்கள். வென்றவர் தோற்றவராகவும் தோற்றவர் வென்றவராகவும் ஆயினர். நன்கொடை குறைந்தது, துணை நின்றோர் நழுவினர். இரண்டு மாதத்துக்குள் மஸ்கி ஒதுங்கினார். அவரைச் சினமூட்டிய தூண்டுதல்களுள் ஒன்று, அவர் ஓர் இனத்தாரை எள்ளி நகையாடியதாகச் சொல்லி அந்நாளிதழில் வெளியான கடிதம். அது போலி என்பது பின்னரே வெளிப்பட்டது.

மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னியும் இவ்வழியே சென்றவர். 1967இல், வியட்நாம் போரைப் பற்றித் தளபதிகளும் தூதர்களும் தமக்கு ‘மூளைச் சலவை’ செய்தார்கள் என்று டெட்ராயிட் நகரத் தொலைக்காட்சியில் கூறினார். மூளைச் சலவைக்கு ஆட்பட்டவரா நாட்டை ஆள்வது என்று நகைத்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் போட்டியிலிருந்து விலகினார். போரைப் பற்றி அரசு தன் மக்களிடம் மறைத்தவை 1971இல் பென்டகன் ஆவணங்களாக வெளிவந்தன. சொல் பிழையாயிருக்கலாம், சொல்ல வந்த செய்தி பிழையில்லை.

அவருடைய மகன் மிட் ராம்னி 2012இல் குடியரசுத் தலைவர் பதவிக்கே நின்றார். தனியார் விருந்தொன்றில், நூற்றுக்கு 47 பேர் அரசையே சார்ந்து வாழ்கிறவர்கள், அவர்கள் எப்படியும் எதிர்க்கட்சிக்கே வாக்களிப்பார்கள் என்ற கருத்தில் அவர் பேசியதை யாரோ மறைவாகப் படம் பிடித்தனர். செப்டம்பரில் அது வெளிவந்து நாடெங்கும் முழங்கிற்று. தேர்தல் அத்துடன் முடிந்தது என்றே பலர் எழுதினர். ஆனால் ஜான் சைட்ஸ், லின் வாவ்ரெக் என்னும் பேராசிரியர் இருவர் அத்தேர்தலை வாரந்தோறும் அளந்து ‘தி கேம்பிள்’ என்ற நூலை எழுதினர். ஆரவாரத்துக்கு ஏற்ற அளவு வாக்காளர் அசையவில்லை. அசைந்த சிறிதளவும் விரைவில் மறைந்தது என்பது அவர்கள் கண்டது. ராம்னி தோற்றார்; பெற்ற வாக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 47. எண்ணுக்கும் நகைச்சுவை உண்டு போலும்!

மஸ்கிக்கு நேர்ந்தது ராம்னியின் மகனுக்கு ஏன் நேரவில்லை? இறுதித் தேர்தலில் பெரும்பாலோர் தம் கட்சியை முன்பே தெரிந்தெடுத்துவிட்டார்கள். தம் கட்சிக்காரர் தடுமாறினால் பொறுத்துக்கொள்வர். எதிர்க்கட்சிக்காரர் தடுமாறினால் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பர். இருவர் வாக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2016 அக்டோபரில் டொனால்டு டிரம்ப் பெண்களைப் பற்றி இழிவாகப் பேசிய பழைய ஒலிப்பதிவு வெளிவந்தபோது அவர் கட்சித் தலைவர்களே சிலர் விலகி நின்றனர். ஒரு மாதத்தில் அவர் வென்றார். கட்சிக்குள் நிகழும் முன்தேர்தல் அத்தகையதன்று. நிற்பவர் அனைவரும் ஒரே கட்சியார். கொள்கையில் பெரிய வேற்றுமை இல்லை. பலருடைய பெயரே மக்களுக்குப் புதிது. அங்கே ‘யார் வெல்லக்கூடியவர்’ என்ற ஊகம்தான் தராசின் முள். செய்தி ஒரு விரல் வைத்தால் போதும், அந்த முள் சாயும்.

2004 சனவரி 19ஆம் நாள் இரவு நிகழ்ந்ததைச் சொல்ல இந்த ஒலிபரப்பு அறையைவிடத் தகுந்த இடமில்லை. ஹவர்டு டீன் என்பவர் மருத்துவர். வெர்மான்ட் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். அயோவா மாநிலத்தில் முதலிடம் பெறுவார் என்று பலகாலம் பேசப்பட்டவர், அன்று நூற்றுக்கு 18 பெற்று மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். சோர்ந்திருந்த தொண்டர்களுக்கு ஊக்கமூட்ட மேடையேறி, இனி எந்தெந்த மாநிலத்துக்குச் செல்வோம் என்று ஒவ்வொன்றாகக் கூவி, இறுதியில் ஒரு கூச்சலிட்டார். அவ்வளவுதான். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தக் கூச்சலை நான்கே நாட்களில் 600 முறைக்கு மேல் ஒளிபரப்பின. சித்தம் கலங்கியவர் போலத் தோன்றினார். இவரா வெல்வார் என்றனர்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களோ, அப்படியொரு கூச்சல் தங்கள் காதில் விழவே இல்லை என்றார்கள். காரணம் அவர் கையில் பிடித்திருந்த ஒலிவாங்கி. சுற்றியிருக்கும் இரைச்சலை விலக்கி, வாய்க்கு அருகில் எழும் குரலை மட்டும் எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது. ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும்போது அவர்களுக்குக் கேட்கும்படி ஒருவர் கத்துகிறார். ஆர்ப்பரிப்பை நீக்கிவிட்டுக் கத்தலை மட்டும் வீடுவீடாக அனுப்பினால் எப்படி இருக்கும்? இந்த அறைக்குள் நுழைந்தபோது இங்குள்ள பொறியாளர் என்னிடம், ‘வகுப்பில் பேசுவதைப்போல உரக்கப் பேச வேண்டாம் ஐயா, எதிரில் ஒருவர் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசுங்கள்’ என்றார். முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறைக் குரலில் பேசிப் பழகிய எனக்கு அது எளிதாக இல்லை. டீனுக்கு அப்படிச் சொல்ல அன்றிரவு எவரும் இல்லை. சொல்லியிருந்தாலும், எதிரில் நின்ற கூட்டத்தை ஊக்குவது எப்படி?

அயோவாவில் அவர் தோற்றது கூச்சலுக்கு முன்பே என்பதையும் மறக்கலாகாது. அவர் சினமுடையவர், இறுதித் தேர்தலில் வெல்லமாட்டார் என்ற ஐயம் முன்னரே உலவிற்று. கூச்சல் அந்த ஐயத்துக்கு ஒரு ஒலி வடிவம் கொடுத்தது. ஃபோர்டு திறமை குறைந்தவர் என்ற கேலியும் அப்படித்தான் முன்பே இருந்தது. ஏற்கெனவே வெட்டிய வாய்க்கால் இருந்தால்தான் தண்ணீர் அவ்வழி ஓடும். அந்த வாய்க்கால் வழியே ஓடாத பிழைகள் எத்தனையோ மண்ணில் ஊறி மறைந்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் கண்ட வேட்பாளர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்தக் கேள்விக்கும் முன்பே மனனம் செய்த விடையைச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். புரியாத செய்யுளை ஒப்புவிக்கும் மாணவனிடம் நான் கண்டிருக்கும் அதே முகம் இப்போது பெரிய தலைவர்களிடமும் தெரிகிறது. பிழை இல்லை, பொருளும் இல்லை. அப்படிப்பட்டவரிடமிருந்து, அவர் ஆட்சிக்கு வந்தபின் என்ன செய்வார் என்பதை வாக்காளர் அறிவது எவ்வாறு?

ஃபோர்டும் கார்ட்டரும் அன்றிரவு வாதிட்டதன் எழுத்துவடிவம் முழுதும் இன்று கிடைக்கிறது. சென்ற ஆண்டு ஓய்வாக அமர்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பனாமாக் கால்வாயைப் பற்றியும் அங்கே ஒரு கேள்வி வருகிறது. கால்வாய்ப் பகுதியின் மீதுள்ள கட்டுப்பாட்டை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் பனாமாவோடு பேச்சு நடத்துவேன் என்று கார்ட்டர் கூறுகிறார். அவர் வென்றார். மறு ஆண்டு 1977 செப்டம்பர் 7ஆம் நாள், கால்வாயைப் பனாமாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். என் கருத்தில் அது நல்ல உடன்படிக்கையே. 1999 டிசம்பர் 31ஆம் நாள் கால்வாய் பனாமாவின் கைக்குச் சென்றது. அந்த வாதத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பல. ஃபோர்டின் வாக்கியம் எல்லாவற்றிலும் இருக்கிறது. கார்ட்டரின் இந்த வாக்கியத்தை நான் அந்த எழுத்துவடிவத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.